கொழும்புத் துறைமுகத்தில் யாருடைய முதலீடு?

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு இந்தியா, இலங்கை வியாபாரத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். மீனவர் பிரச்சினை, கச்சத்தீவு இதில் வராது. அது தனி வீடியோ, தனிச் சண்டை.

இரண்டு நாடுகளும் 1998 டிசம்பரில் தடையற்ற வணிக ஒப்பந்தம் போட்டன. 2000 மார்ச்சில் அது நடைமுறைக்கு வந்தது. தடையற்றது என்று பெயர்தான். இலங்கைத் தேயிலைக்கு ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி கிலோ என்று உச்சவரம்பு வைத்தார்கள். ஆடைக்கும் வரம்பு உண்டு. இலங்கை எதில் கெட்டியோ, அதற்கெல்லாம் இந்தியா ஒரு பூட்டுப் போட்டது.

சரி, அப்படியானால் அங்கிருந்து குவிந்தது என்ன? வனஸ்பதி! இலங்கைக்கும் வனஸ்பதிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். அப்போது பாமாயிலுக்கு இந்தியாவில் இறக்குமதி வரி அதிகம், இலங்கையில் குறைவு. ஆகவே இந்திய முதலாளிகளே அங்கே போய் ஆலை போட்டார்கள். வெளிநாட்டுப் பாமாயிலை இலங்கையில் இறக்கி, வனஸ்பதியாக்கி, வரியில்லாமல் இந்தியாவுக்கு அனுப்பினார்கள். செம்பிலும் இதே கதைதான். இங்குள்ள வனஸ்பதி உற்பத்தியாளர்கள் கூச்சல் போட, ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டன்தான் என்று வரம்பு வந்தது. பிறகு இந்தியா பாமாயில் வரியைக் குறைத்தது. லாபமே அந்த வரி வித்தியாசத்தில்தான் இருந்தது. அது போனதும் ஆலைகளும் போயின. ஏற்றுமதி ஏறியபோது ஒப்பந்தத்துக்கே வெற்றி என்று பாராட்டியவர்களை நினைத்தால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது.

ஒப்பந்தத்தை விரிவாக்கும் பேச்சு பல ஆண்டுகளாக இழுத்துக்கொண்டே இருக்கிறது. ஆனால் பணம் அதற்காகக் காத்திருக்கவில்லை. இந்தியன் ஆயில் 2003-லேயே இலங்கையில் பெட்ரோல் பங்க் திறந்துவிட்டது. 2017-ல் அம்பாந்தோட்டைத் துறைமுகம் 99 ஆண்டுக் குத்தகைக்குச் சீன நிறுவனத்திடம் போனது. டெல்லிக்கு அதற்கப்புறம்தான் அவசரம் பிடித்தது. 2022 நெருக்கடியில் இந்தியா ஏறத்தாழ 400 கோடி டாலர் உதவி செய்தது.

எனக்கு முக்கியமாகப் படுவது கொழும்புதான். இந்தியாவுக்கு வரும், இந்தியாவிலிருந்து போகும் கன்டெய்னர்களில் கணிசமானவை அங்கே கப்பல் மாறுகின்றன. பெரிய கப்பல்களுக்கு வேண்டிய ஆழம் அங்கே இருக்கிறது, கிழக்கு மேற்குக் கப்பல் பாதையும் பக்கம். அந்தத் துறைமுகத்தின் கிழக்குக் கன்டெய்னர் முனையத்துக்காக இந்தியா, ஜப்பானோடு போட்ட ஒப்பந்தத்தை இலங்கை 2021-ல் ரத்து செய்தது. தொழிற்சங்கங்களின் எதிர்ப்பு அவ்வளவு பலம். பதிலுக்கு மேற்கு முனையத்தைக் கொடுத்தது. அதில் அதானிக்கு 51 சதவீதம், இலங்கை நிறுவனமான ஜான் கீல்ஸுக்கு 34, இலங்கைத் துறைமுக அதிகாரசபைக்கு 15. 2025 ஏப்ரலில் முனையம் இயங்கத் தொடங்கியது.

அடுத்த மாதமே, மே 2-ஆம் தேதி, கேரளத்தில் விழிஞ்ஞம் துறைமுகத்தைப் பிரதமர் திறந்து வைத்தார். கொழும்புக்குப் போகும் சரக்கை இந்தியாவிலேயே கையாள வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். அதை நடத்துவது யார்? அதே அதானி!

ஆக, இதை இரு நாட்டுப் போட்டி என்று மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும். சரக்கு எந்தப் பக்கம் போனாலும் ஒரு பங்கு ஒரே கம்பெனிக்கு. இதில் இலங்கைக்கு எவ்வளவு பேரம் பேசும் பலம் மிஞ்சும் என்பதுதான் என் கேள்வி. இலங்கையின் மன்னாரில் அதானி போடவிருந்த காற்றாலையில் இலங்கை அரசு மின்கட்டணத்தைக் குறைக்கச் சொன்னது, 2025 பிப்ரவரியில் அதானி விலகிக்கொண்டது. அந்தக் கணக்கை அடுத்த வீடியோவில் பிரித்துப் பார்க்கலாம்.