ஒரு மைக், ஒரு குழு, ஒரு தேவாலயம்

நேயர்களுக்கு வணக்கம். இன்று கௌபாய் ஜங்கீஸ். கனடாவின் டொராண்டோவில் 1985-இல் உருவான குழு. பாடுபவர் மார்கோ டிம்மின்ஸ். அண்ணன் மைக்கேல் கிட்டார், தம்பி பீட்டர் டிரம்ஸ். மைக்கேலின் பால்ய நண்பர் ஆலன் ஆன்டன் பேஸ் கிட்டார்.

இவர்கள் பாட்டு ஏன் இத்தனை தணிவாக இருக்கிறது என்றால், சோகம் என்று சொல்லிவிடுகிறார்கள். அது பாதிதான். கராஜில் ஒத்திகை பார்த்தபோது அக்கம்பக்கத்தார் முறையிட, சத்தத்தைக் குறைத்தார்கள். மார்கோ மெல்லப் பாட, மற்ற மூவரும் அந்தக் குரலுக்குக் கீழே இறங்கி வாசிக்கப் பழகினார்கள். 1986-இல் வந்த முதல் ஆல்பமும் கராஜில் பதிவானதுதான்.

27 நவம்பர் 1987 அன்று டொராண்டோவின் ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் ‘தி டிரினிட்டி செஷன்’ பதிவானது. அனுமதி வாங்க, ‘டிம்மின்ஸ் குடும்பப் பாடகர்கள்’, கிறிஸ்துமஸ் நிகழ்ச்சி என்று சொல்லிவைத்தார்களாம்! தயாரிப்பாளர் பீட்டர் மூர் நடுவில் ஒரே ஒரு மைக்கை (கால்ரெக் நிறுவனத்துடையது) நிறுத்தி, குழுவை அதைச் சுற்றி உட்காரவைத்தார். மார்கோவின் குரல் மட்டும் அங்கே வேறு யாரோ விட்டுப்போன ஸ்பீக்கர் வழியாக அந்த மைக்குக்குப் போனது. ஆளையும் ஆம்பையும் (கிட்டாரின் ஒலிபெருக்கி) நகர்த்தி நகர்த்திச் சமநிலை பிடிக்கவே ஆறு மணி நேரம். ஒரே நாளில் முடிந்த ஆல்பம் என்பது விளம்பரக் கதை. இசைக்கருவியே இல்லாத முதல் பாட்டு சில நாள் கழித்துப் பதிவானது. ‘ஸ்வீட் ஜேன்’ பாட்டில் தேவாலயத்தின் கார்வை, அதாவது சுவரில் பட்டுத் திரும்பி நீளும் ஓசை, நன்றாகத் தெரியும்.

கோலாலம்பூரின் செந்தூலிலோ பிரிக்பீல்ட்ஸிலோ பாலாய் ராயா (பொது மண்டபம்) எடுத்து இந்த ஒற்றை மைக் பதிவைச் செய்து பார்க்க நினைக்கும் குழுக்களுக்குச் சில விஷயங்கள். தூரம் இரட்டித்தால் நேரடி ஒலி சுமார் 6 டெசிபல் குறையும், மண்டபத்தின் கார்வையோ ஏறக்குறைய அப்படியே நிற்கும். அதனால் சத்தமான ஆம்பைப் பின்னால் தள்ளினால் அது அடங்காது, கிணற்றுக்குள்ளிருந்து கேட்கும். முதலில் வால்யூமைக் குறையுங்கள், பிறகு நகர்த்துங்கள். டிரம்ஸுக்குக் குச்சி வேண்டாம், பிரஷ் போதும். யாரும் மைக்கிலிருந்து 4 மீட்டரைத் தாண்டி உட்கார வேண்டாம்: மீட்டருக்கு 3 மில்லி விநாடி தாமதம், 10 மீட்டரில் தாளமே பின்தங்கும். பாடுபவர் தன் ஸ்பீக்கருக்குப் பின்னால் நிற்கட்டும், முன்னால் வந்தால் அவர் பாடும் மைக் கூவும். பதிவுக் கருவி காட்டும் அளவில் உச்ச ஒலி மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் லெவல் வையுங்கள்.

பேஸ் அதிகமாகிவிட்டால் பிற்பாடு அதை மட்டும் குறைக்க வழியில்லை. பேஸைத் தொட்டால் டிரம்ஸும் குரலும் சேர்ந்தே மெலியும். எனவே ஒவ்வொரு நகர்த்தலுக்கும் ஒரு நிமிடம் பதிவு செய்து, ஹெட்போனில் கேளுங்கள். நம் மண்டபங்களில் டைல்ஸ் தரையும் எதிரெதிர் வெற்றுச் சுவரும் கைதட்டினாலே படபடவென்று திருப்பி அடிக்கும். ஒரு பக்கச் சுவரில் கனமான திரையோ மெத்தையோ தொங்கவிட்டால் அடங்கும். மின்விசிறி, ஏர்கான் இரண்டையும் அணைத்துவிடுங்கள், வியர்த்தாலும் சரி.

தகரக் கூரை என்றால் காலையிலேயே முடித்துவிடுங்கள். கோலாலம்பூரில் மாலை மழை பிடித்துக்கொண்டால் அந்த மைக்கில் வேறெதுவும் ஏறாது. நன்றி, வணக்கம்.