எழுதிக் கொடுத்த நிலம்

வணக்கம் நேயர்களே.

தக்காளிச் செடியோடு பழகியவர்களுக்கு ஒன்று தெரியும். பக்கக் கிளைகளைக் கிள்ளிவிட்டு வந்து கை கழுவினால் சோப்பு நுரை மஞ்சள் பச்சையாக மாறும். விரல் நுனியில் பிசுபிசுவென்று கரும்பச்சைக் கறை. அந்த வாசனை இரவுவரை போகாது. நகரத்திலேயே பிறந்து வளர்ந்த ஓர் அம்மா, அறுபது வயதில் முதல்முறையாக அந்தக் கறையைப் பார்த்து, "இது என்னங்க, பூச்சிமருந்தா?" என்று பயந்து போனார். அடுத்த வருடம் புதிதாக வந்தவர்களுக்கு அவரே அதை விளக்கிக்கொண்டிருந்தார். பல வருடங்களாக என்னைச் சமூகத் தோட்டங்களில் பிடித்து வைத்திருப்பது இந்த மாதிரிக் காட்சிகள்தான்.

சமூகத் தோட்டம் என்றால் வேறொன்றுமில்லை. நகரத்தில் சும்மா கிடக்கும் ஒரு மனையை அக்கம்பக்கத்தார் சேர்ந்து பண்படுத்தி, ஆளுக்கொரு பாத்தியோ எல்லோருக்கும் பொதுவாகவோ காய்கறி போடுவது.

இது எதற்கு என்று கேட்பீர்கள். பல நகரங்களில் பொட்டலத் தின்பண்டமும் குளிர்பானமும் எந்தத் தெருமுனையிலும் கிடைக்கும். நல்ல காய்கறிக்கு மட்டும் பஸ் ஏற வேண்டும். ஒரு கையில் குழந்தை, ஒரு கையில் பை, வேலை முடிந்து வந்த களைப்பு. அப்படி வருகிறவரிடம் போய் "தினமும் காய்கறி சாப்பிடுங்கள்" என்று அறிவுரை சொல்லி என்ன பயன்? 1990களில் பிரிட்டனில் இப்படிப்பட்ட பகுதிகளுக்கு 'உணவுப் பாலைவனம்' என்றே பெயர் வைத்தார்கள்.

சரி, நகரத்துத் தோட்டம் ஊருக்கே சோறு போடுமா? போடாது. தானியத்துக்குப் பரந்த வயல் வேண்டும். ஆனால் கீரையும் காயும் வேறு கணக்கு. சில பாத்திகள் போதும், சில வாரங்களில் பறிக்கலாம். அதோடு கீரை தூரத்தைத் தாங்காது. பறித்த நிமிடத்திலிருந்தே அதன் வைட்டமின் சி குறையத் தொடங்கும், வெயிலில் இன்னும் வேகமாகக் குறையும். வாசலிலிருந்து பத்தடியில் பறித்த கீரையும் இரண்டு நாள் லாரியில் வந்த கீரையும் ஒன்றல்ல. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் ஏறக்குறைய 2 கோடித் தோட்டங்கள் இருந்தன என்றும், நாட்டின் காய்கறியில் 40 சதவீதம் அவற்றிலிருந்து வந்தது என்றும் மதிப்பிட்டிருக்கிறார்கள். 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்ததும் கியூபாவுக்கு எண்ணெயும் உரமும் வருவது நின்றது. தலைநகர் ஹவானாவில் மக்கள் காலி மனைகளில், சில இடங்களில் சிமென்ட் தரையின் மேலேயே, மேட்டுப் பாத்தி கட்டிப் பயிரிட்டார்கள். ஆக, முடியுமா என்ற கேள்விக்கு எப்போதோ பதில் கிடைத்துவிட்டது.

நான் பேச வந்தது வேறொன்று. தோட்டம் போட நினைப்பவர்கள் முதலில் என்னிடம் கேட்பது மண்ணைப் பற்றி, அப்புறம் விதையைப் பற்றி. நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: நிலம் யாருடையது, எத்தனை வருடத்துக்கு, எழுத்தில் இருக்கிறதா?

காரணம் சொல்கிறேன். நான் சேர்ந்த முதல் தோட்டம் வாய்வார்த்தையில் கிடைத்த நிலம். கட்டடம் இடித்த மனை. முதல் வருடம் செங்கல் துண்டும் கண்ணாடிச் சில்லும் பொறுக்குவதிலேயே போய்விட்டது. கடப்பாரை போட்டால் 'டங்'கென்று கையில் அதிரும். வீடு வீடாகக் காய்கறித் தோலையும் காய்ந்த இலையையும் வாங்கி வந்து மட்கவைத்துப் போட்டோம். மூன்றாம் வருடம் விரலை விட்டால் இரண்டாம் கணுவரை இறங்கியது, மண்புழு வந்திருந்தது. அந்த வருடம்தான், தக்காளி பாதி காயும் பாதி பழமுமாக நிற்கும்போது, நிலத்துக்காரர் காலி செய்யச் சொன்னார். அவருடைய இடம், அவர் கேட்டார். எங்கள் கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

கடைசி நாள் எல்லோரும் காயைப் பறித்தார்கள். நான் முன்பு சொன்ன அந்த அம்மா மட்டும் மண்ணைச் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தார். அவர் வீடு மூன்றாம் மாடி. "எதற்கம்மா இந்தச் சுமை?" என்றேன். "இது மூணு வருஷம் என் சமையலறையிலிருந்து வந்த மண்" என்றார். இரண்டு சாக்கு. ஒன்றை நான் தூக்கிக்கொண்டு ஏறினேன்.

இது எங்களுக்கு மட்டும் நடந்ததல்ல. 1973இல் நியூயார்க்கில் பவரி தெருவும் ஹூஸ்டன் தெருவும் சேரும் முனையில் ஒரு மனை குப்பைமேடாகக் கிடந்தது. லிஸ் கிறிஸ்டி என்ற ஓவியரும் நண்பர்களும் அங்கே இறங்கினார்கள். அதற்கு முன்பே அவர்கள் விதையை உருண்டையாக்கி, வேலி போட்ட காலி மனைகளுக்குள் வீசிக்கொண்டிருந்தவர்கள். குப்பையை அள்ளி, மண் கொட்டி, அறுபது மேட்டுப் பாத்திகள் போட்டார்கள். அதோடு நிற்கவில்லை. நகர நிர்வாகத்திடம் போய்க் கேட்டார்கள், 1974இல் மாதம் ஒரு டாலர் வாடகைக்கு அந்த இடம் முறைப்படி கிடைத்தது. ஒரு டாலர் என்பது பணமே அல்ல, ஆனால் எழுத்து இருக்கிறதல்லவா, அதுதான் பலம். அந்தத் தோட்டம் இன்றும் இருக்கிறது, அவர் பெயரோடு. 1999இல் அதே நகரம் நூற்றுக்கும் மேற்பட்ட தோட்டங்களை ஏலம் விடப் பார்த்தது. இரண்டு தொண்டு அமைப்புகள் விலை கொடுத்து வாங்கியதால் அவை தப்பின. லாஸ் ஏஞ்சலிஸில் 14 ஏக்கர் தோட்டம் தப்பவில்லை. ஏறக்குறைய 350 குடும்பங்கள் பயிரிட்ட நிலம் அது, 2006இல் எல்லோரையும் வெளியேற்றிவிட்டார்கள்.

ஆகவே திரும்பவும் சொல்கிறேன்: எழுத்தில் வாங்குங்கள். மண் பண்பட மூன்று வருடமாவது ஆகும், ஒரு வருட அனுமதியில் யார் உரம் போடுவார்கள்? பிரிட்டனில் 1908இலேயே சட்டம் வந்துவிட்டது, மக்கள் கேட்டால் உள்ளாட்சி நிர்வாகம் பயிரிட நிலம் ஒதுக்க வேண்டும் என்று. அர்ஜென்டினாவின் ரொசாரியோ நகரம், பொருளாதாரம் சரிந்திருந்த 2002இல், காலியாகக் கிடந்த பொது நிலங்களைப் பயிரிடுவோருக்கு முறையாகத் திறந்துவிட்டது. நகரம் மனது வைத்தால் இது நடக்கிற காரியம்தான்.

மண்ணைப் பற்றி நிறைய எழுதிக்கொண்டு வந்தேன், ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு விரலைக் காட்டுகிறார்கள், ஒரு நிமிடம்தான் இருக்கிறது. வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய கட்டடம் இருந்த இடத்திலும், பெரிய சாலையோரத்திலும் மண்ணில் ஈயம் என்ற நச்சு உலோகம் இருக்கலாம். பழைய பெயின்டிலிருந்தும் அந்தக் காலத்தில் ஈயம் கலந்து விற்ற பெட்ரோலிலிருந்தும் வந்தது. விதைக்கும் முன் பரிசோதியுங்கள். ஈயம் இருந்தால் நல்ல மண் கொட்டி மேட்டுப் பாத்தி கட்டுங்கள். கீரையையும் கிழங்கையும்விடத் தக்காளி போன்ற காய்களில் ஈயம் குறைவாகவே ஏறும். எதுவானாலும் புழுதி போகக் கழுவுங்கள், குழந்தைகள் கையையும்.

அப்புறம் தண்ணீர். குழாயிலிருந்து தள்ளிப் போகப் போகப் பாத்தி வாடும், ஆகவே குழாயோரப் பாத்தியை வயதானவர்களுக்கு விடுங்கள். வாயிற்கதவுச் சாவி ஒருவரிடம் மட்டும் இருக்க வேண்டாம், குறைந்தது மூன்று பேரிடம் இருக்கட்டும். விளைந்ததைப் பாத்தி இல்லாத வீடுகளுக்கு எப்படிப் பங்கிடுவது என்பதையும் சொல்ல வேண்டும், அதற்கு நேரமில்லை.

நன்றி. வணக்கம்.