கடைக்கு சிசிடிவி: எத்தனை கேமரா என்று கேட்கும் முன்

[திரையில்: கடை வாசலை உள்ளிருந்து எடுத்த பதிவு. நுழைபவரின் முகம் முழுக்கக் கருப்பு.]

இந்தப் பதிவைப் பாருங்கள். ஒருவர் உள்ளே வருகிறார். உயரம் தெரிகிறது, கையில் இருக்கும் பை தெரிகிறது, முகம் மட்டும் தெரியவில்லை. கேமராவில் கோளாறு எதுவும் இல்லை. அவருக்குப் பின்னால் தெருவில் வெயில் அடிக்கிறது. அந்த வெளிச்சத்துக்குக் கேமரா ஈடுகொடுக்கும்போது முகம் இருட்டாகிவிடுகிறது.

கடைக்காரர்கள் முதலில் கேட்பது "எட்டு கேமரா போட எவ்வளவு ஆகும்?" என்றுதான். நான் சொல்வது, விலை கேட்கும் முன் ஒரு தாளை எடுங்கள். கடையின் வரைபடத்தைப் போட்டு, கேமரா வரும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு கேள்வி எழுதுங்கள். வாசலில்: வந்தவர் யார்? கல்லாவில்: எந்த நோட்டு கைமாறியது? குடோன் கதவில்: எந்தப் பெட்டி எப்போது வெளியே போனது? கேள்வி எழுத வராத இடத்துக்குக் கேமரா வேண்டாம்.

[திரையில்: ஒரே ஆள் மூன்று மீட்டரிலும் ஏழு மீட்டரிலும் நிற்கும் படங்கள்.]

வாசல் கேமராவை எடுத்துக்கொள்வோம். இரண்டு மெகாபிக்சல் என்றால் படத்தின் குறுக்கே 1920 பிக்சல். முன்பின் தெரியாத ஒருவரைப் படம் பார்த்து இன்னார் என்று சொல்ல, அவர் நிற்கும் இடத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 பிக்சல் வேண்டும் என்கிறது ஐஇசி 62676 தரநிலை. வகுத்துப் பார்த்தால், படத்தில் அடங்கும் அகலம் ஏழரை மீட்டரைத் தாண்டக் கூடாது. கடைகளில் வழக்கமாக மாட்டும் 2.8 மில்லிமீட்டர் லென்ஸ் மிக அகலமாகப் பார்க்கும். மூன்று மீட்டர் தள்ளி நின்றாலே அந்த அகலம் வந்துவிடுகிறது. அதாவது பத்தடிக்கு அப்பால் நிற்பவரின் முகத்தை நம்ப முடியாது. அதே கேமராவில் 6 மில்லிமீட்டர் லென்ஸ் இருந்தால் ஏறக்குறைய ஏழு மீட்டர் வரை முகம் பிடிபடும். அதிக மெகாபிக்சலுக்குக் காசு கொடுக்கும் முன் லென்ஸ் எத்தனை மில்லிமீட்டர் என்று கேளுங்கள்.

உயரமும் முக்கியம். கூரையோடு ஒட்டி மாட்டினால் தலையும் தொப்பியும்தான் பதிவாகும். முகம் வேண்டிய கேமரா ஏழெட்டு அடி உயரத்தில் போதும். வெயில் பார்த்த வாசல் என்றால் டபிள்யூடிஆர், அதாவது வெளிச்சமும் இருட்டும் ஒரே படத்தில் தெளிவாகத் தெரிய வைக்கும் வசதி கட்டாயம் வேண்டும். அதிலும் படம் பிடிக்கும் சென்சாரிலேயே அதைச் செய்வதாக, 120 டெசிபல் என்று குறிப்பிட்டதாகப் பார்த்து வாங்குங்கள்.

சரி, பதிவு எத்தனை நாள் இருக்க வேண்டும்? மாதக் கடைசியில் சரக்கு எண்ணும்போதுதான் குறைவது தெரியவரும். அப்போது பத்து நாள் பதிவை வைத்து என்ன செய்ய முடியும்? முப்பது நாளாவது வேண்டும். வீடியோவைச் சுருக்கிப் பதியும் எச்.265 முறையில் ஒரு கேமரா நொடிக்கு இரண்டு மெகாபிட் எழுதினால், எட்டு கேமராவுக்கு மாதம் ஐந்து டெராபைட்டுக்குச் சற்று மேல் ஆகும். 6 டெராபைட் டிஸ்க் போடலாம், ஆனால் கண்காணிப்புக்கென்றே வரும் வகையாக இருக்கட்டும்.

புதிதாக வயர் இழுப்பவர்களுக்கு என் பரிந்துரை, நெட்வொர்க் கேபிளில் படம் அனுப்பும் ஐபி கேமராவும், அதைப் பதியும் பெட்டியான என்விஆரும். பிஓஇ முறையில் மின்சாரமும் படமும் ஒரே கேபிளில், நூறு மீட்டர் வரை போகும். கேபிள் சுத்தச் செம்பாக இருக்க வேண்டும். அலுமினியத்தின் மேல் செம்பு பூசியதை மலிவு என்று போட்டால் தொலைவில் இருக்கும் கேமரா அடிக்கடி அணையும். பழைய கேமராக்களுக்கு இழுத்த கோஆக்சியல் வயர் (கேபிள் டிவிக்கு வருவது போன்றது) நன்றாக இருந்தால், அந்த வயரில் வரும் படத்தைப் பதியும் பெட்டியான டிவிஆரே போதும், செலவும் மிச்சம். எதுவானாலும் யூபிஎஸ் வையுங்கள்.

[திரையில்: கல்லாவுக்கு அடியில் விளக்கு மின்னும் டிவிஆர் பெட்டி.]

பெட்டியை இங்கே வைக்காதீர்கள். திருட வருகிறவர் பெட்டியோடு தூக்கிப் போனால் பதிவும் போச்சு. பூட்டிய அலமாரியில், வேறு அறையில் வையுங்கள். வாசல் கேமராவின் பதிவாவது கிளவுடிலும் ஏறட்டும்.

2021 டிசம்பரில் வேலூரில் ஒரு நகைக்கடையின் பின்சுவரைத் துளைத்து நுழைந்தவர் முகமூடி போட்டிருந்தார். கேமராக்கள் மீது ஸ்ப்ரே அடித்தார். சுமார் 15 கிலோ தங்கம் போனது. உள்ளே இருக்கும் கேமரா, சுவர் உடைந்த பிறகுதான் ஆளைப் பார்க்கும். பின்சந்துக்கு வெளியே ஒரு கேமராவும், இரவில் ஆள் நடமாடினால் போனுக்கு வரும் எச்சரிக்கையும் வேண்டும்.

பாஸ்வேர்டு விஷயத்தில் தயவுசெய்து அலட்சியம் வேண்டாம். 2016இல் பரவிய மிராய் என்ற தீநிரல், கம்பெனி வைத்த பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்களையும் டிவிஆர்களையும்தான் லட்சக்கணக்கில் வளைத்துப் பிடித்தது. பொருத்த வந்தவர் கிளம்பும் முன் அதை நீங்களே மாற்றுங்கள். அப்புறம், உடை மாற்றும் அறை, கழிப்பறைப் பக்கம் கேமராவின் பார்வையே போகக் கூடாது. எங்கெங்கே கேமரா இருக்கிறது என்பது வேலையாட்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்; நாள் முழுக்க அதன் கீழே நிற்பவர்கள் அவர்கள்தான்.

பதிவு நீதிமன்றத்துக்குப் போக நேர்ந்தால், 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி சான்றிதழும், அதில் பதிவின் ஹாஷ் மதிப்பும் (பதிவு மாற்றப்பட்டால் காட்டிக்கொடுக்கும், கைரேகை போன்ற குறியீடு) தேவை. பெட்டியில் கடிகாரம் தப்பாக ஓடினால் எதிர்த்தரப்பு அதைத்தான் முதலில் கேட்கும்.

மீதிப் பணத்தைக் கொடுக்கும் முன் இரண்டு முறை சோதியுங்கள்: உச்சி வெயிலில் ஒரு முறை, கடை விளக்கெல்லாம் அணைத்த பிறகு ஒரு முறை. யாரையாவது வாசல் வழியே நடந்து வரச் சொல்லுங்கள். நேரலையில் பார்த்துத் திருப்திப்படாமல், பதிவான வீடியோவை பென்டிரைவில் எடுத்து வேறொரு கணினியில் ஓட்டிப் பாருங்கள். முகம் தெரியவில்லை என்றால், ஏணியோடு ஆள் இன்னும் கடையில் இருக்கும்போதே கேமராவை இடம் மாற்றச் சொல்லுங்கள்.