பழைய எண்ணை அழிக்காதீர்கள்

நேயர்களுக்கு வணக்கம். பரணில் எதையாவது தேடியிருப்பீர்கள். "நான்தான் வைத்தேன், எங்கே வைத்தேன் என்றுதான் தெரியவில்லை" என்போம். ஓலைச்சுவடி நூலகத்திலும் இதே கதைதான். என்ன, வைத்தவர் போய்ச் சேர்ந்து நூறு வருஷம் ஆகியிருக்கும்!

அச்சுப் புத்தகத்துக்கு அட்டையில் பெயர் உண்டு. சுவடிக்கு மேலும் கீழும் மரச்சட்டம், நடுவில் ஏடுகள், துளையில் கயிறு, அவ்வளவுதான். நூலின் பெயர் சில சமயம் முதல் ஏட்டில் இருக்கும், சில சமயம் 'முற்றும்' என்பதற்குப் பக்கத்தில் இருக்கும், பல சமயம் எங்குமே இருக்காது. அதனால்தான் அட்டவணை போடுகிறவர்கள் தொடக்க வரியையும் முடிவு வரியையும் எழுதிவைக்கிறார்கள். பெயர் இருந்தாலும் சிக்கல் உண்டு. பழைய ஏட்டில் மெய்க்குப் புள்ளி இல்லை, 'மெ'யும் 'மே'யும் ஒரே கொம்புதான். அகரவரிசையில் எதன் கீழ் தேடுவது?

ஒரு முறை கண் வைத்தியப் பாடல்களைத் தேடிப் போனேன். பழைய கட்டுரையின் அடிக்குறிப்பில் சுவடி எண் இருந்தது. கேட்டேன், கொண்டுவந்தார்கள், பிரித்தால் சோதிடம்! இடையில் யாரோ எல்லாக் கட்டுக்கும் புது எண் போட்டு, பழைய எண் சீட்டுகளைக் கிழித்துவிட்டார். எந்த நூலகம் என்று கேட்காதீர்கள். 'வைத்தியம்' என்றிருந்த கட்டெல்லாம் நான்கு நாள் பார்த்தேன். ஐந்தாம் நாள் அங்கே கட்டு எடுத்துத் தருகிறவர், "ஐயா, புராணக் கட்டு ஒண்ணுல கடைசியில கையெழுத்து மாறுது, பாக்கிறீங்களா?" என்றார். பார்த்தேன். தலபுராணம் முடிந்து மிச்சமிருந்த ஏடுகளில் அந்த வீட்டுக்காரர் கண் வைத்தியத்தை எழுதியிருக்கிறார். அதற்கும் பின்னால் நெல் கணக்கு. ஓலையை வீணாக்குவாரா?

புராணம் ஒரு பக்கம், வைத்தியம் ஒரு பக்கம் என்று பிரித்துக் கட்டலாமே என்பீர்கள். கூடாது. அந்த நெல் கணக்கில் ஊர்ப் பெயர் இருந்தது. பிரித்திருந்தால் வைத்தியம் எந்த ஊருடையது என்றே தெரிந்திருக்காது. கட்டு வந்தபடியே இருக்கட்டும், உள்ளே இருப்பதையெல்லாம் அட்டவணையில் தனித்தனியாகக் காட்டுங்கள். புது எண் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. பழைய எண்ணையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.

ஆங்கிலேயர் காலத்து நில அளவை அதிகாரி, 1821-இல் இறந்த காலின் மெக்கன்சி திரட்டிய சுவடிகளில் ஒரு பகுதி லண்டனில் இருக்கிறது, ஒரு பகுதி சென்னையில் 1869-இல் ஏற்பட்ட கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கிறது. அந்தத் திரட்டுக்கு வில்சன் என்ற வடமொழி அறிஞர் 1828-இல் வெளியிட்ட பட்டியல் கையில் இருப்பதால்தான் எது எங்கே போனது என்று இன்றும் ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது. திரும்பவும் சொல்கிறேன், பழைய எண்!

கண்ணாடிக்கு அப்பால் நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். சுவடிகளின் கணினிப் படங்களைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். சரி, ஒரு வரியில்: படக்கோப்பின் பெயரில் கட்டு எண், ஏட்டு எண், முன்பக்கமா பின்பக்கமா என்பது மூன்றும் இருக்க வேண்டும். நன்றி, வணக்கம்.