வற்றிய தொட்டி நிறையும் வரை

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் நண்பர்களே, கதைகளின் மீதுள்ள அன்பினால் இந்த அவைக்கு வந்திருக்கும் பெரியோர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

"பாதியில் நின்ற கதையை ஒதுக்கிவைத்துப் புதுக்கதை தொடங்குவது எழுத்தாளருக்கு வளர்ச்சியா, தளர்ச்சியா?" என்பது இன்றைய தலைப்பு. வளர்ச்சியே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், 'அகல உழுவதினும் ஆழ உழு' என்ற பழமொழியைச் சொன்னார். முடிக்கத் தெரியாதவர்தாம் தொடங்கிக்கொண்டே இருப்பார் என்றும் சொன்னார். இரண்டாவது கூற்றில் உண்மை இருப்பதால் அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

எழுத உட்காராததால் நிற்கும் கதை ஒன்று உண்டு. அதற்குப் புதுக்கதை மருந்தாகாது என்பதில் எங்கள் அணிக்கும் ஐயமில்லை. நாள்தோறும் உட்கார்ந்தும், ஒரே அத்தியாயத்தை ஐந்து முறை திருத்தி எழுதியும், ஓரடி நகராத கதை வேறு. அங்கே பாத்திரங்கள் நாம் சொன்னபடியெல்லாம் எழுகிறார்கள், நடக்கிறார்கள், அழுகிறார்கள். ஆனால் தாமாக ஒரு சொல்லும் பேச மறுக்கிறார்கள். எழுதுகிறவரிடம் இன்னும் வந்து சேராத ஏதோ ஒன்றை அந்தக் கதை கேட்கிறது. கையில் இல்லாத பொருளைத் தரும்படி மேசை முன்னால் எத்தனை மாதம் உட்கார்ந்தாலும் அது வந்துவிடாது. நான் பேசுவது இந்த இரண்டாவது வகைக் கதையைப் பற்றி.

நடுவர் அவர்களே, அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைனின் மேசைக்கு உங்களை அழைத்துச் செல்ல விரும்புகிறேன். 1876-ஆம் ஆண்டுக் கோடையில், நியூயார்க் மாநிலத்து எல்மைராவில் இருந்த பண்ணை வீட்டில், மிசிசிப்பி ஆற்றில் தெப்பத்தில் போகும் சிறுவனின் கதையான 'ஹக்கிள்பெரி ஃபின்' நாவலை அவர் தொடங்கினார். கைப்பிரதியில் ஏறத்தாழ 400 பக்கங்கள் ஓடிய பிறகு கதை நின்றது. எழுதிய மட்டும் ஓரளவுக்கே பிடித்திருக்கிறது, முடிந்ததும் மூலையில் போட்டுவிடவோ எரித்துவிடவோ கூடும் என்று அந்த ஆகஸ்டில் நண்பர் ஒருவருக்குக் கடிதமும் எழுதினார். எதிரணி நண்பர்கள் அன்று அருகில் இருந்திருந்தால், "ஆழ உழு" என்று அவரை அதே நாற்காலியில் அமர்த்தியிருப்பார்கள். அவரோ கைப்பிரதிக் கட்டை எடுத்து வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போனார். ஐரோப்பியப் பயணத்தைப் பற்றி ஒரு நூல் 1880-இல் வந்தது. இளவரசனும் ஏழைச் சிறுவனும் இடம் மாறிக்கொள்ளும் கதை 1881-இல் வந்தது. இடையே நின்ற கதையை எடுத்துச் சிறிது எழுதுவார், மறுபடியும் வைத்துவிடுவார்.

அடுத்து நடந்ததுதான் என் வாதத்தின் உயிர். மிசிசிப்பி ஆற்றைப் பற்றிய இன்னொரு நூலுக்காக 1882-இல் அவர் அந்த ஆற்றில் மீண்டும் பயணம் செய்தார். இளமையில் அவர் அங்கே நீராவிப் படகு செலுத்தியவர். 1861-இல் உள்நாட்டுப் போர் மூண்டதும் அந்தத் தொழிலை விட்டவர். 21 ஆண்டுகளுக்குப் பிறகு அதே ஆற்றையும் கரையோர ஊர்களையும் நேரில் பார்த்தார். அந்தப் புதிய நூலின் தொடக்கத்தில், அலமாரியில் கிடந்த கைப்பிரதியிலிருந்து தெப்பக்காரர்கள் வரும் ஒரு பகுதியை எடுத்துச் சேர்த்தார். ஐந்தாறு ஆண்டுகளாக விட்டுவிட்டு எழுதிவரும் கதை அது என்று வாசகருக்கும் சொன்னார். 1883-ஆம் ஆண்டுக் கோடையில், அதே எல்மைராவில், நின்ற நாவல் பெருவேகத்தில் முடிந்தது. 1884 டிசம்பரில் இங்கிலாந்திலும், 1885 பிப்ரவரியில் அமெரிக்காவிலும் அச்சேறியது. ஆற்றைப் பற்றிய கதைக்கு ஆற்றை மறுபடியும் பார்க்க வேண்டியிருந்தது. அவரைப் படகில் ஏற்றியது பழைய கைப்பிரதி அன்று, புதிதாகத் தொடங்கிய நூல்.

இப்படி நிற்பது அவருக்குப் புதிதும் அன்று. அதற்கு முந்தைய நாவலான 'டாம் சாயர்' எழுதியபோதும் பாதியில் கதை நின்றதை, முதுமையில் தாம் சொல்லி எழுதுவித்த தன்வரலாற்றில் அவர் நினைவுகூர்கிறார். தொட்டி வற்றிவிட்டது என்பது அவர் கண்ட காரணம். அதை அப்படியே விட்டுவிட்டால், நாம் உறங்கும்போதும், வேறு வேலைகளில் ஈடுபட்டிருக்கும்போதும், நமக்குத் தெரியாமலேயே அது நிறைந்துவிடும் என்கிறார். வேறு வேலைகளில் ஈடுபட்டிருக்கும்போது என்ற சொற்களை நடுவர் அவர்கள் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன்.

இனி, ஆழ உழும் பழமொழி. அதைச் சொன்ன உழவரிடமே கேட்போம். காவிரிப் படுகையில் சம்பா அறுவடைக்குச் சில நாள் முன்பே, ஈரம் காயாத வயலில், நிற்கும் நெல்லுக்கு இடையே உளுந்தை விதைத்துவிடுவார்கள். நெல் தரிசு உளுந்து என்று அதற்குப் பெயர். அதற்காக யாரும் அந்த உழவரை நெல்லைக் கைவிட்டவர் என்று சொல்வதில்லை. உளுந்தின் வேர்முடிச்சுகள் மண்ணில் தழைச்சத்தைச் சேர்க்கின்றன. அடுத்த பருவத்து நெல் அந்த உரத்தையும் உண்டு வளர்கிறது. ஆழ உழத் தெரிந்தவருக்கு, பயிர் மாற்றவும் தெரிந்திருக்கிறது.

"ஒதுக்கிவைத்த கதை திரும்பி வரும் என்பதற்கு என்ன உறுதி?" என்று எதிரணியின் இரண்டாம் பேச்சாளர் கேட்டார். நேர்மையான கேள்வி. உறுதி எதுவும் இல்லை. ருஷ்யாவின் தல்ஸ்தோய், மாமன்னர் பீட்டரின் காலத்தைப் பற்றி ஒரு நாவல் எழுத 1870-களின் தொடக்கத்தில் நூல்களைக் குவித்துப் படித்தார், குறிப்புகள் எடுத்தார், தொடக்கத்தையே பலமுறை எழுதிப் பார்த்தார். அந்தக் காலத்து மனிதர்கள் அவருக்கு உயிர்பெறவில்லை. 1873 மார்ச்சில் அதை நிறுத்திவிட்டுத் தம் காலத்துப் பெண்ணொருத்தியின் கதையைத் தொடங்கினார். அதுதான் 'அன்னா கரேனினா'. பீட்டர் நாவல் கடைசிவரை வரவேயில்லை. அந்த இழப்பைச் சிறிதென்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பீட்டரை முடித்துவிட்டுத்தான் மறு வேலை என்று அவர் பிடிவாதமாக இருந்திருந்தால், அன்னா எந்த ஆண்டில் பிறந்திருப்பாள் என்பதை எதிரணியினர் சொல்ல வேண்டும்.

அதே தல்ஸ்தோயின் வாழ்விலிருந்து எதிரணிக்கும் ஒன்றைத் தருகிறேன். 'அன்னா கரேனினா' 1875 முதல் ஒரு மாத இதழில் தொடராக வந்தது. நடுவே அந்தக் கதை அவருக்கே சலித்துப்போனதை அவருடைய கடிதங்கள் காட்டுகின்றன. ஆயினும் 1877 வரை எழுதி முடித்தார். வாசகர் அடுத்த பகுதிக்குக் காத்திருக்கும்போது கதையை நிறுத்துவது கொடுத்த வாக்கை மீறுவதாகும். அதை என் அணி ஒருபோதும் நியாயப்படுத்தாது. ஒதுக்கிவைக்கும் உரிமை, கதை இன்னும் எழுத்தாளரின் வீட்டுக்குள் இருக்கும் வரைதான்.

நிறைவாக என் அனுபவம் ஒன்று. கைத்தறி நெசவுக் குடும்பம் ஒன்றைப் பற்றி நான் எழுதிய நாவல் 11-ஆம் அத்தியாயத்தில் நின்றது. தறியை விட்டுவிட்டுக் கணவன் வெளியூர் போய்விட்டான். வீட்டில் இருக்கும் அவன் மனைவி, அந்தக் குடும்பத்தின் தாய், பேச வேண்டும். எட்டு மாதம் முயன்றும் அவள் வாயிலிருந்து என் பேச்சுத்தான் வந்ததே தவிர, அவள் பேச்சு வரவில்லை. கட்டி வைத்துவிட்டு, பேருந்து நிலையத்தில் பூக்கட்டி விற்கும் ஒரு கிழவியின் கதையைத் தொடங்கினேன். அவள் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசாதவள். ஆனால் விரல்கள் நாரில் முடிச்சுப் போடத் தொடங்கியதும், குனிந்த தலை நிமிராமலே எல்லாவற்றையும் சொல்லிவிடுவாள். அந்தக் கதையை முடித்த இரவுதான் என் நெசவுக்காரத் தாயை எதிரே உட்காரவைத்து, நேருக்கு நேர் பேசச் சொல்லிக்கொண்டிருந்தேன் என்பது எனக்கு விளங்கிற்று. மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு கட்டை அவிழ்த்தேன். 12-ஆம் அத்தியாயத்தில் அவள் ராட்டையின் முன்னால் உட்கார்ந்து தார்க்குச்சியில் நூல் சுற்றுகிறாள். நூலை விட்டுக் கண்ணை எடுக்காமல், போனவனைப் பற்றிப் பேசத் தொடங்குகிறாள்.

நன்றி, வணக்கம்.