சொத்தைப் பல்லில் பசை எப்படி ஒட்டுகிறது?

[திரையில்: அடைக்கப்பட்ட பல்லின் குறுக்குவெட்டு]

சொத்தையைச் சுரண்டிவிட்டு, பல் நிறத்திலேயே காம்போசிட் என்ற பிசின் கலவை வைத்து அடைப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் காம்போசிட் தானாகப் பல்லில் ஒட்டாது. இடையில் மிக மெல்லிய ஒரு பசைப் படலம் இருக்கிறது. நல்ல பல்லில் நன்றாகப் பிடிக்கும் அந்தப் பசை, சொத்தை தொட்ட இடத்தில் ஏன் தடுமாறுகிறது?

பல்லின் வெளி அடுக்கான எனாமல் கதையைச் சீக்கிரம் முடித்துவிடலாம். எடையில் ஏறக்குறைய 96 சதவீதம் தாதுப்பொருள்தான். 1955-இல் மைக்கேல் புவோனோகோர் அதில் பாஸ்பாரிக் அமிலம் தடவினார். மேற்பரப்பு நுண்குழிகளாக அரிபட்டது, அதன்மேல் வைத்த அக்ரிலிக் நன்றாகப் பிடித்துக்கொண்டது. அடிப்படையில் இன்றும் அதே வழிதான்.

[திரையில்: டென்டினின் நுண்குழாய்கள், உள்ளே திரவம்]

தலைவலி அடுத்த அடுக்கான டென்டினில் தொடங்குகிறது. இதில் தாது 70 சதவீதம்தான்; மீதி பெரும்பாலும் கொலாஜன் என்ற புரத நாரும் தண்ணீரும். பல்லின் நடுவே நரம்பும் ரத்தக்குழாயும் உள்ள பற்கூழிலிருந்து வரும் ஆயிரக்கணக்கான நுண்குழாய்கள் வழியே ஈரம் கசிந்துகொண்டே இருக்கும். ஈரச் சுவரில் பெயின்ட் அடித்தால் நிற்குமா?

அமிலத்தை 15 விநாடி வைத்துக் கழுவினால், மேலே சில மைக்ரோமீட்டர் ஆழத்துக்குத் தாது கரைந்து, கொலாஜன் வலை மட்டும் தண்ணீரில் மிதந்தபடி நிற்கும். அதிகம் உலர்த்தினால் வலை படுத்துவிடும். அதிகம் ஈரம் விட்டாலோ பசையிலுள்ள பிசினுக்கு இடம் கிடைக்காது. அதனால்தான் பசைக்கு முன் தடவும் ப்ரைமர் திரவம். அதிலுள்ள ஹெமா என்ற மூலக்கூறு தண்ணீரோடும் சேரும், பிசினோடும் சேரும். கூடவே இருக்கும் ஆல்கஹாலோ அசிட்டோனோ ஆவியாகும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். காலியான இடத்தில் பிசின் புகுந்து, ஒளி பட்டதும் இறுகும். பாதி பல், பாதி பிசினாக உருவாகும் இந்தக் கலப்பு அடுக்கை 1982-இல் ஜப்பானின் நகபயாஷி குழு விளக்கியது.

[திரையில்: சொத்தையின் இரு அடுக்குகள், வெவ்வேறு நிறத்தில்]

சரி, சொத்தைக்கு வருவோம். அங்கே இரண்டு அடுக்குகள் உண்டு. மேலடுக்கு கூழாகிப் போனது. பாக்டீரியா நிறைந்து, கொலாஜனும் சிதைந்திருக்கும். அதில் எந்தப் பசையும் உருப்படியாக ஒட்டாது. அடியடுக்கு வேறு. பாக்டீரியாவுக்கு முன்பே அதன் அமிலம் அங்கே போய்ச் சேர்ந்து, தாதுவில் ஒரு பங்கைக் கரைத்திருக்கும். ஆனால் கொலாஜன் பெரும்பாலும் கெடாமல் இருக்கும். மறுபடி தாது ஏறித் தேறக்கூடிய பகுதி என்பதால் பல் மருத்துவர் இதை விட்டுவைக்கிறார். பசை ஒட்ட வேண்டியதும் இதன்மேல்தான்.

ஆய்வகத்தில் இழுத்துப் பார்த்தால், நல்ல டென்டினைவிட இதில் பிடிப்பு குறைவு. நுண்குழாய்களைத் தாது உப்புப் படிகங்கள் அடைத்துவிடுவதால் பிசின் உள்ளே இறங்க முடிவதில்லை என்று சொல்வார்கள். அடைப்பது உண்மை, அந்தப் படிகங்கள் அமிலத்துக்கும் எளிதில் கரையாது. ஆனால் முழுப் பழியையும் அதன்மேல் போடுவது சரியில்லை என்பேன். பிடிப்பில் பெரும்பங்கு குழாய்களுக்கு இடையிலுள்ள கொலாஜன் வலையில்தான் கிடைக்கிறது. தாது ஏற்கெனவே குறைந்துவிட்டதால் அமிலம் அங்கே ஆழமாக இறங்கிவிடுகிறது. தண்ணீரும் அதிகம். பிசின் அடிவரை போய்ச் சேர்வதில்லை. கலப்பு அடுக்கு பார்க்கத் தடிமனாகத்தான் இருக்கும், உள்ளே ஓட்டைகள். போதாததற்கு அந்த டென்டினே மெலிந்து கிடப்பதால், சில சமயம் பசை விடுவதற்கு முன் பல்தான் உடைகிறது.

[திரையில்: பிசின் மூடாத கொலாஜன் நார்கள்]

அப்புறம், காலம் போகப் போக இன்னொரு வில்லங்கம். பிசின் மூடாத கொலாஜனை டென்டினுக்குள்ளேயே இருக்கும் நொதிகள் மெல்ல வெட்டுகின்றன. இந்த நொதிகளை அடக்கக் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியைத் தடவுவார்கள். ஆய்வகத்தில் பலன் தெளிவாகத் தெரிகிறது, வாயில் அவ்வளவு தெளிவில்லை.

10-எம்.டி.பி. என்ற மூலக்கூறு கலந்த பசைகள் வேறு வழியில் போகின்றன. தாதுவை முழுக்கக் கரைக்காமல், மிச்சமுள்ள கால்சியத்தோடு வேதிப் பிணைப்பு போடுகின்றன. அப்படி உருவாகும் உப்பு தண்ணீரில் எளிதில் கரையாது. சொத்தை தொட்ட இடத்தில் பிணையக் கால்சியமே குறைவு என்பதுதான் குறை.

[திரையில்: குழியின் ஓரம் முழுவதும் பச்சை வளையம்]

ஆழத்தில் பிடிப்பு இவ்வளவு பலவீனமாக இருந்தும் அடைப்பு எப்படித் தாங்குகிறது? ஓரத்தால்தான். குழியின் விளிம்பைச் சுற்றி நல்ல எனாமலும் நல்ல டென்டினும் தெரியும்வரை சுத்தம் செய்கிறார்கள். பற்கூழுக்கு நெருக்கமான அடிப்பகுதியில் கொஞ்சம் மென்மையான டென்டினைத் தொடாமல் விடுகிறார்கள். ஓரம் நன்றாக மூடிவிட்டால் உள்ளே மாட்டிக்கொண்ட பாக்டீரியாவுக்கு வெளியிலிருந்து உணவு கிடைக்காது. சொத்தை பெரும்பாலும் அப்படியே நின்றுபோகும்.

ஈறுக்குக் கீழே வேர்வரை போன சொத்தையில் இந்தக் கணக்கு உதைக்கும். அங்கே விளிம்பில் எனாமலே கிடையாது, ஈரமும் ஓயாது. அந்த இடங்களில் பல மருத்துவர்கள் காம்போசிட்டை விட்டுவிட்டு, கால்சியத்தோடு நேரடியாகப் பிணைந்து ஓரளவு ஈரத்தையும் பொறுத்துக்கொள்ளும் கிளாஸ் அயனோமர் சிமென்ட்டை எடுக்கிறார்கள்.