'வனை' என்று ஒரு சொல் உண்டா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று என்னை இரண்டு நாளாக விடவே இல்லை. ஒரு அம்மா எழுதியிருக்கிறார். பொங்கல் விடுமுறையில் வீட்டில் எல்லோரும் அட்டையில் எழுத்துகளை எழுதி வெட்டிவைத்துச் சொல் சேர்க்கும் விளையாட்டு ஆடியிருக்கிறார்கள். ஏற்கெனவே கிடந்த 'பானை'யில் னையைப் பிடித்து, அதற்கு மேலே ஒரு வ-வை வைத்து 'வனை' என்று முடித்திருக்கிறாள் அவர் மகள். மாமா உடனே, "அவனையில அ-வை முழுங்கிட்டியா?" என்று சிரித்துவிட்டு மதிப்பெண் கிடையாது என்றாராம். அப்படி ஒரு சொல் உண்டா ஐயா என்று கேட்கிறார்.

உண்டு. பச்சை மண்ணைச் சக்கரத்தில் சுற்றவிட்டுக் கையால் கலமாக எழுப்புவதுதான் வனைதல். புறநானூறு 228ஆம் பாட்டில், சோழ மன்னன் கிள்ளிவளவன் இறந்தபோது புலவர் ஐயூர் முடவனார் குயவரைப் பார்த்துக் கேட்கிறார்: இவ்வளவு பெரியவனைக் கவிக்கத் தாழி (இறந்தவரை அடக்கம் செய்யும் பெரிய பானை) வேண்டுமானால் பூமியே சக்கரமாக, பெருமலையே மண்ணாக வேண்டும், உன்னால் 'வனைதல் ஒல்லுமோ', அதாவது வனைய முடியுமா என்று. அப்புறம், மாமா 'நட', 'எடு' என்று வைத்தால் ஒத்துக்கொள்வார் இல்லையா? வினையடி தனியே நின்றால் ஏவல். வனையும் அப்படித்தான்.

மானாமதுரையில் ஒரு முறை நான் இதே சொல்லில் மாட்டிக்கொண்டேன். ஒரு பெரியவர் பானைக்குள்ளே உருண்டைக் கல்லைப் பிடித்துக்கொண்டு வெளியே பலகையால் தட்டிக்கொண்டிருந்தார். சக்கரத்திலிருந்து நூலால் அறுத்து எடுக்கும்போது அந்தப் பானைக்கு அடியே கிடையாது. கொஞ்சம் காயவிட்டு, தட்டித் தட்டித்தான் அடியை மூடுகிறார்கள். நான் பெரிய விவரம் தெரிந்தவன்போல "நல்லா வனையறீங்க" என்றேன். அவர் நிமிராமலே, "வனையிறது சக்கரத்துல தம்பி, இது தட்டுறது" என்றார்.

இதைத்தானே போன தடவையும் சொன்னேன், பழைய நேயர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு கைவேலைக்கும் தனி வினை வைத்திருந்தவர்கள் நாம். பானை வனைவோம், துணி நெய்வோம், கூடை முடைவோம், கூரை வேய்வோம், பூ தொடுப்போம். இப்போது எல்லாவற்றுக்கும் 'செய்' ஒன்றே போதும் என்றாகிவிட்டது. அந்த மகள் 'வேய்', 'முடை' என்று வைத்திருந்தாலும் மாமா சிரித்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

சரி, விளையாட்டுக்கு வருவோம். மாமா சொன்னதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. வேற்றுமை உருபு சேர்ந்த சொற்களை உங்கள் வீட்டு விதி அனுமதித்தால், வனைக்கு முன்னால் அ, இ, எ எது வைத்தாலும் சொல்தான்: அவனை, இவனை, எவனை. அடுத்த ஆளுக்கு அல்வா மாதிரி இடம் கொடுத்தது போல ஆகும், கவனம். அனுமதி இல்லையென்றால் பின்பக்கம் நீட்டுங்கள், 'வனைதல்', 'வனைந்த' என்று. குறுக்கெழுத்துப் போடுகிறவர்களுக்கு இன்னொன்று. 'குயவனை' என்று எழுதி முதல் இரண்டு எழுத்தை மூடிப் பாருங்கள். அவர் தொழிலே உள்ளே உட்கார்ந்திருக்கிறது! இது வெறும் தற்செயல், குயவன் என்ற சொல் வனையிலிருந்து வந்தது என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள். ஆனால் "குயவனைப் பாதியாக்கினால் வேலை நடக்கும், 2 எழுத்து" என்று குறிப்பு கொடுத்தால் எத்தனை பேர் தலையைச் சொறிவார்கள்!

மகளுக்கு மதிப்பெண்ணைக் கொடுத்துவிடுங்கள் அம்மா. பத்தமடைப் பக்கத்து நேயர்கள், பாயை உங்கள் வீட்டில் நெய்வதா, பின்னுவதா, முடைவதா என்று கீழே எழுதுங்கள்.